உங்களுக்குத் தெரியுமா? சொத்தையைத் தடுக்கவும் பாக்டீரியா!

பல் சொத்தைக்குக் காரணம் பாக்டீரியா. அதைத் தடுக்கவும் பாக்டீரியாவையே அனுப்பினால்? ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியில் சோதித்தே பார்த்துவிட்டார்கள். பகல்நேரக் காப்பகங்களில் 1 முதல் 6 வயது வரையிலான 594 பிள்ளைகளுக்கு வாரத்தில் 5 நாள் வீதம் 7 மாதம் சாப்பாட்டோடு பால் கொடுத்தார்கள். ஒரு பிரிவினரின் பாலில் மட்டும் ‘லாக்டோபேசில்லஸ் ரம்னோசஸ் ஜிஜி’ என்ற நல்ல பாக்டீரியா இருந்தது. 2001இல் முடிவு வெளிவந்தது: அதைக் குடித்தவர்களிடம் சொத்தை குறைவு. 3-4 வயதினரிடம் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது.

சர்க்கரையைத் தின்று அமிலம் கக்கும் முக்கிய வில்லன் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். அமிலம் கூடி வாயின் பிஹெச் அளவு சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் எனாமல் கரையத் தொடங்கும். நியூசிலாந்தின் ஜான் டாக் குழுவினர் ஆராய்ந்த ‘எம்18’ பாக்டீரியா செய்வது இதற்கு நேர்மாறான வேலை. எச்சிலில் உள்ள யூரியாவை அம்மோனியாவாக மாற்றி அமிலத்தைத் தணிக்கிறது. பல்லில் பிசுபிசுவென்று ஒட்டும் படலத்தைச் சிதைக்கும் நொதியையும் சுரக்கிறது. எவ்வளவு கெட்டிக்கார உயிர்! ஆனால், இத்தகைய பாக்டீரியாக்களை உட்கொள்வதை நிறுத்தியபின் அவை பெரும்பாலும் வாயில் நிலைப்பதில்லை. ஃப்ளூரைடு பற்பசைக்கும் இவை மாற்று அல்ல, துணை மட்டுமே.