புள்ளியை இழந்த கிள்ளான்

2001ஆம் ஆண்டின் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூரில் நடைபெற்றது. கணினியில் தமிழை ஏற்றிய முன்னோடிகளுள் மலேசியரான முத்து நெடுமாறனும் ஒருவர். ஏறிய எழுத்து சிதையாமல் காப்பது இன்று நிரல் எழுதுவோரின் பொறுப்பு.

ஜாவா நிரல்மொழியைக் கற்கத் தொடங்கிய மாணவர் ஒருவர், ஒரு கோப்பைப் படித்து மற்றொன்றில் எழுதும் நிரலை அமைக்கிறார் எனக் கொள்வோம். மூலக்கோப்பு யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் உள்ளது. அதில் 'மலேசியா', 'கிள்ளான்' என இரு சொற்கள். நிரல் பிழைச்செய்தியின்றி ஓடி முடிகிறது. புதிய கோப்பில் 'மலேசியா' பழுதின்றி உள்ளது. 'கிள்ளான்' என்பதிலோ புள்ளிகள் இரண்டும் சிதைந்து, கேள விக்குறிகள் தோன்றுகின்றன.

எழுத்துருவை ஐயுறுவதற்குமுன் பைட்டுகளை ஒப்பிடுவோம். 'கிள்ளான்' ஒருங்குறியில் 8 குறிகளால் ஆனது; குறிக்கு 3 பைட்டுகளாக மொத்தம் 24. நகலிலும் 24 பைட்டுகளே. ஆனால் மூலத்தில் 224, 175, 141 என இருந்த புள்ளி, நகலில் 224, 175, 63 என மாறியுள்ளது. 63 என்பது கேள்விக்குறியின் எண்.

காரணம் இதுவே: ஜாவா 17 வரை, குறியாக்கத்தைக் குறிப்பிடாவிடில் ஃபைல்ரீடரும் ஃபைல்ரைட்டரும் இயங்குதளத்தின் இயல்பு முறையையே கொள்ளும். ஆங்கில விண்டோஸில் அது விண்டோஸ்-1252. அம்முறை ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகப் படித்து, எழுதும்போது அதே எண்ணாக்கும். ஆதலால் பெரும்பாலான தமிழ் எழுத்துகள் தப்புகின்றன. 129, 141, 143, 144 ஆகிய எண்களுக்கு அதில் எழுத்தே இல்லை. உகரக் குறி, புள்ளி, ஏ, ஐ ஆகியவை முறையே இவ்வெண்களில் முடிவதால் அழிகின்றன. புள்ளியும் உகரக் குறியும் ஒரே வடிவாகச் சிதைவதால், எது எதுவென நிரலால் மீட்க இயலாது. எனவே மூலக்கோப்பின்மீதே எழுதுதல் கூடாது.

தீர்வு எளிது. படிக்குமிடத்திலும் எழுதுமிடத்திலும் யூடிஎஃப்-8 எனக் குறிப்பிட வேண்டும். ஜாவா 11 முதல் இவ்விரு வகுப்புகளும் அதனை நேரடியாக ஏற்கின்றன. 2022இல் வந்த ஜாவா 18 முதல் அதுவே இயல்பு முறை. ஆயினும் பழைய பதிப்புள்ள கணினியில் அதே நிரல் மீண்டும் பிழைபடும் என்பதால், குறிப்பிடுவதே நன்று.

ஆசிரியர்கள் சோதனைக் கோப்பில் 'ஏடு', 'ஐந்து' என்னும் சொற்களை இடலாம். நான்கு குறிகளும் அவற்றுள் அடங்கும். 'மலேசியா' என்று மட்டும் சோதித்தால் பிழை மறைந்தே இருக்கும்.