தீபம் ஏறியது, கூட்டம் ஏறவில்லை… தெரியுமா?

1896 செப்டம்பர் 1. மதுரையிலிருந்து யாரிடமும் சொல்லாமல் கிளம்பிய பதினாறு வயதுப் பையன் ஒருவன் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தான். அதே செப்டம்பரில்தான் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் டாக்டர் அகாசியோ வியேகாஸ் தன் நோயாளியைப் பரிசோதித்துவிட்டு, வந்திருப்பது பிளேக் என்று கண்டுபிடித்தார், தெரியுமா? அந்தப் பையனும் அந்த நோயும் ஒரே ஊரில் சந்தித்துக்கொள்ள ஒன்பது ஆண்டுகள் ஆயின!

1905-ல் பிளேக் அண்ணாமலையார் ஊருக்கே வந்துவிட்டது. ஜனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியேறினார்கள். மலைக் குகையில் வசித்துவந்த அந்த இளைஞர், அதாவது ரமணர், ஊருக்கு ஒதுக்குப்புறமான பச்சையம்மன் கோயிலுக்குப் போய் மாதக்கணக்கில் தங்கினார். எலி செத்து விழுந்தால் ஊரைக் காலி செய் என்பது அன்றைய ஜனங்களின் கணக்கு. அது மூடநம்பிக்கை இல்லை! எலியின் மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சிதான் பிளேக்கைப் பரப்புகிறது என்று பால்-லூயி சிமோன் 1898-லேயே கராச்சியில் கண்டு சொல்லியிருந்தார். மருத்துவ உலகம் அதை நம்பத்தான் பல ஆண்டுகள் ஆயின. நுண்ணோக்கி பார்க்காத ஜனம், எலி சாவதைப் பார்த்தே இடம் மாறியதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

பம்பாயில் தொடங்கிய அந்தப் பிளேக்குக்காக எழுதிய சட்டம்தான் 1897-ன் தொற்றுநோய்கள் சட்டம். மொத்தமே நான்கு பிரிவுகள்! அரசாங்கம் என்னவெல்லாம் செய்யலாம் என்று சொல்லும். ஜனங்களுக்கு என்ன உரிமை என்று ஒரு வரிகூட இல்லை. புனேயில் வீடு புகுந்து சோதனை போட்ட கெடுபிடியில் கொதித்துப்போய், அதே ஆண்டு ஜூன் 22 இரவு பிளேக் அதிகாரி ராண்டைச் சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். நோயைத் தடுக்க அரசு எவ்வளவு தூரம் போகலாம் என்ற வாக்குவாதம் அன்றைக்கே ரத்தம் பார்த்துவிட்டது. 123 ஆண்டு கழித்து, கொரோனாவுக்கும் இதே நான்கு பிரிவுச் சட்டத்தைத்தான் கையில் எடுத்தோம் என்றால் நம்ப முடிகிறதா?

நம்முடைய மாகாணம் இதைவிட நல்ல வேலை ஒன்று செய்தது. 1939-ல் வந்த சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் என்றே தனி அத்தியாயம் உண்டு, தெரியுமா? கூட்டம் கூடும் இடத்தில் குடிநீருக்கும் கழிப்பிடத்துக்கும் மருத்துவத்துக்கும் பொறுப்பு யாருடையது என்று யோசித்து வைத்த சட்டம் அது. காரணம் இருக்கிறது. 1867-ல் ஹரித்வார் கும்பமேளாவில் கூடிய ஜனம் ஊர் திரும்பும்போது காலராவையும் கூடவே கொண்டுபோன கதை யாருக்கும் மறக்கவில்லை. இன்னொரு ஆச்சரியம்: ராஜாஜி மந்திரிசபையில் அப்போது பொதுச் சுகாதாரத்தையும் அறநிலையத்தையும் சேர்த்துக் கவனித்தவர் ஒரே மந்திரி, டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன்! கோயிலும் ஆஸ்பத்திரியும் ஒரே மேசையில். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்கும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான மேசை எது?

சுனாமி எழுதிய சட்டம் எது தெரியுமா? 2004 டிசம்பர் 26-ல் கடல் பொங்கியது. 2005 டிசம்பரில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் பிறந்தது. 2020 மார்ச்சில் நாட்டையே வீட்டுக்குள் உட்காரவைத்த ஊரடங்கு உத்தரவு அந்தச் சட்டத்தின் கீழ்தான் வந்தது! கடலே இல்லாத திருவண்ணாமலையில் கிரிவலம் நின்றுபோனதற்கு வேர் கடலில் இருக்கிறது. அந்த ஏப்ரலில் மலைக் குகையொன்றில் தங்கியிருந்த சீனர் ஒருவரைக் கண்டுபிடித்துப் பரிசோதித்தார்கள், தொற்று இல்லை. 2021 கார்த்திகை தீபத்துக்குக் கிரிவலம் வரலாமா, எத்தனை பேர் வரலாம் என்ற கேள்வி உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், 20,000 பேர் என்று முடிவானது.

இப்போது 2024-க்கு வாருங்கள். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர்! டிசம்பர் 2 அதிகாலை, ஊரே தூங்கும் நேரத்தில், சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி போனது. ஒரு கனஅடி 28 லிட்டருக்கும் கொஞ்சம் மேலே. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் கிட்டத்தட்ட 400, ஒவ்வொரு விநாடியும்!

ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு. எச்சரிக்காமல் திறந்துவிட்டார்கள் என்றன எதிர்க்கட்சிகள். இந்தச் சண்டையில் என் கவலை வேறு. அணையில் கொடுத்த எச்சரிக்கை கரையோரக் குடிசையில் தூங்குகிறவர் காதில் விழுந்ததா? ஒடிசாவைப் பாருங்கள். 1999 சூப்பர் புயலில் பத்தாயிரம் பேர் அளவில் மாண்ட மாநிலம் அது. 2013-ல் பைலின் வந்தபோது ஏறக்குறைய பத்து லட்சம் பேரை முன்கூட்டியே மேட்டுக்குக் கொண்டுபோய் வைத்தது. சாவு சில பத்துகளோடு நின்றது! தகவலோடு நிறுத்தாமல் ஆளும் வண்டியும் வீடு வீடாகப் போனதால் வந்த பலன் அது.

அதே ஃபெஞ்சல் மழையில், திருவண்ணாமலையில் டிசம்பர் 1 மாலை. வ.உ.சி. நகரில் மலைச்சரிவிலிருந்து பாறையும் மண்ணும் ஒரு வீட்டின் மேல் இறங்கின. உள்ளே ஏழு பேர். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். தேசியப் பேரிடர் மீட்புப் படை மண்ணை அள்ளி அள்ளித் தேடியது. யாரையும் உயிரோடு எடுக்க முடியவில்லை. சரிவில் ஏன் வீடு கட்டினார்கள் என்று கேட்பது சுலபம். கோயிலைச் சுற்றிப் பிழைப்பு வைத்திருக்கும் ஏழைக்கு நடந்து போகிற தூரத்தில் வேறு மனை யார் கொடுத்தார்கள்? காலி செய்யச் சொல்லும் நோட்டீஸோடு, பிழைப்புக்குப் பக்கத்திலேயே ஒரு மாற்று வீட்டின் சாவியும் வரவேண்டும். அதைத்தான் நான் முதல் பேரிடர்த் தயாரிப்பு என்பேன்.

அந்தச் சரிவு நடந்த பன்னிரண்டாம் நாள் கார்த்திகை தீபம்! புவியியல் வல்லுநர்கள் மலையேறி ஆய்ந்து பார்த்தார்கள். ஈரத்தில் ஊறிய மண்ணும் பிடி தளர்ந்த பாறைகளும் ஆயிரக்கணக்கான கால்களைத் தாங்காது என்று, பக்தர்கள் மேலே போகத் தடை வந்தது. முன்பு தீபத்தன்று 2,500 பேருக்கு மலையேற அனுமதிச் சீட்டு கொடுப்பது வழக்கம். பக்தியில் தலையிடுவதா என்று வருந்தியவர்களும் உண்டு. எனக்கு அந்த வருத்தம் புரிகிறது. தடை சரி என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை.

கொப்பரையையும் நெய்யையும் திரியையும் பர்வதராஜ குலத்தாரும் உதவிக்குப் போனவர்களும் மட்டும் 2,668 அடி உயரத்துக்குச் சுமந்தார்கள். 13-ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு உச்சியில் சுடர் எழுந்தது. கீழே மாடவீதிகளிலும் மொட்டைமாடிகளிலும் நின்றவர்கள் 'அண்ணாமலையாருக்கு அரோகரா' என்றார்கள். வ.உ.சி. நகரிலிருந்து பார்த்தாலும் அந்தச் சுடர் தெரியும், வீட்டுக்கு நேர் மேலே.