தன் பாட்டைத் தானே பாடியவர்

பொப் இசை என்றதும் முகஞ் சுளிப்போர் நம்மிற் பலருண்டு. ஆரவாரம் மிக்கது, ஆறு மாதத்தில் மறந்து போவது, இளைஞரின் கால்களுக்கு உரியதேயன்றிக் காதுகளுக்கு உரியதன்று என்பன அதன்மீது சாட்டப்படும் குற்றங்கள். பெரும்பாலான பொப் பாட்டுகளைப் பொறுத்தவரை இவற்றை மறுத்துப் பேச நான் வரவில்லை. ஆனால், 1971ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 10ஆந் திகதி அமெரிக்காவில் வெளியாகி, அரை நூற்றாண்டு கடந்த பின்னும் கேட்கப்பட்டு வரும் இசைத்தட்டொன்று உண்டு. பியானோவை நடுநாயகமாக வைத்து, ஒரு பெண்மணி தாம் புனைந்த பாட்டுகளைத் தாமே பாடியளித்த தட்டு அது. அதனை எவ்வாறு கேட்கலாம், எவ்விடத்திற் காதைக் கூர்மையாக்க வேண்டும் என்பது பற்றியே இன்று நேயர்களுடன் பேச எண்ணுகிறேன்.

தட்டின் பெயர் ‘டப்பெஸ்ட்ரி’. வண்ண நூல்களாற் சித்திரம் நெய்த சீலைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் இது. பாடியவர் கரோல் கிங். பக்கத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு பாட்டுகள். முழுவதையும் கேட்டு முடிக்க முக்கால் மணி நேரம் ஆகாது.

நாம் கேட்கும் திரைப்படப் பாட்டில் ஒருவர் சொல் எழுதுவார், ஒருவர் மெட்டமைப்பார், மற்றொருவர் பாடுவார். 1960ஆம் ஆண்டளவில் நியூயோர்க் நகரிலும் பொப் பாட்டு இவ்வாறே உற்பத்தியாயிற்று. உற்பத்தி என்ற சொல்லை அறிந்தே சொல்கிறேன். அந்நகரின் பிரோட்வே வீதியில் 1650ஆம் இலக்கக் கட்டடத்தில் ‘அல்டன்’ என்னும் பாட்டு வெளியீட்டு நிறுவனம் இருந்தது. சிறு சிறு அறைகள், அவற்றிற் பியானோக்கள், பாட்டுப் புனையும் இளைஞர்கள். அடுத்த அறையிற் பிறக்கும் மெட்டுச் சுவரைக் கடந்து இந்த அறையிலுங் கேட்கும். 1942இற் பிறந்து புரூக்ளின் பகுதியில் வளர்ந்த கரோல் கிங், இருபது வயதை எட்டுமுன்பே அங்கு வேலைக்கு அமர்ந்துவிட்டார். மெட்டு அவருடையது. சொல் அவருடைய கணவர் ஜெரி கொஃபினுடையது.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பாட்டைப் பாடகரிடம் ஏட்டில் எழுதிக் கொடுத்தாற் போதாது. ஆகவே, புனைந்தவரே பியானோவில் அமர்ந்து, எளிமையாகப் பாடி, மாதிரிப் பதிவொன்றைச் செய்து அனுப்புவார். பாடகர் அதைக் கேட்டுப் பாடங் கற்றுக்கொள்வார். பின்னர் வாத்தியக் குழுவுடன் விற்பனைக்குரிய தட்டுப் பதிவாகும். மாதிரிப் பதிவு தையற்காரர் வெட்டும் காகித அளவைப் போன்றது. சட்டை தைத்து முடிந்ததும் அதற்கு வேலையில்லை. ஆனால், கரோல் கிங் பாடிய மாதிரிகளை மட்டும் வெளியீட்டாளர் சிலர் எறிந்துவிட மனமின்றிச் சேர்த்து வைத்துக்கொண்டார்கள். அவ்வாறு மதித்தவருள் ஒருவர் அல்டன் நிறுவனத்தின் மேற்குக் கரைக் காரியாலயத்தைக் கவனித்து வந்த லூ அட்லர். ‘டப்பெஸ்ட்ரி’யைத் தயாரித்தவர் இவரே. அம்மாதிரிப் பதிவுகளின் நெருக்கத்தை முழு இசைத்தட்டொன்றிற் பிடித்துவிட வேண்டும் என்பதே அவரது நோக்கமாக இருந்தது. இந்த ஒரு செய்தியை மனதிற் கொண்டால், தட்டின் பாதி இரகசியம் விளங்கிவிடும்.

அதற்கு முன் கிங் அம்மையாரின் வாழ்க்கையில் மாறுதல்கள் நேர்ந்திருந்தன. மணவாழ்வு 1968இல் முறிந்தது. பெண் குழந்தைகள் இருவருடன் லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தார். மேடையிற் பாட அவருக்குக் கூச்சம். 1970இல், தாம் முன்பு படித்த குயின்ஸ் கல்லூரியில் ஜேம்ஸ் டெயிலர் என்னும் பாடகருக்குப் பியானோ வாசித்துக்கொண்டிருந்தபோது, டெயிலர் திடீரென அவரைத் தனியாகப் பாடும்படி அழைத்தார். தப்ப வழியில்லை, பாடினார். அவ்வாண்டிலேயே ‘றைட்டர்’ என்ற அவரது முதல் தனித்தட்டு வெளியாயிற்று, பெரிதாக விலைபோகவில்லை. வாத்தியங்களின் நெருக்கடியிற் பாடகி சற்று ஒதுங்கி நிற்பது போன்ற உணர்வையே அது எனக்குத் தருகிறது.

‘டப்பெஸ்ட்ரி’யின் ஒலிப்பதிவு 1971 ஜனவரியில் ஹொலிவூட்டில், ‘ஏ அண்ட் எம்’ கலையகத்தில் நடைபெற்றது. சார்லி சப்ளின் தமது ஊமைப் படங்களை எடுத்த இடம் அது என்பதை நேயர்கள் அறிந்தால் வியப்படையலாம். சில வாரங்களில் வேலை முடிந்தது.

இனித் தட்டை இயக்குவோம்.

முதற் பாட்டின் முதல் ஒலியே பியானோவின் இடக்கை. தாழ்ந்த சுரங்களை அது ஓங்கி அடித்துத் தொடங்குகிறது. பியானோ ஒரு தந்தி வாத்தியமா, தோல் வாத்தியமா என்று கேட்கத் தோன்றும். உள்ளே இருப்பது தந்தியே; ஆனால், அதைத் தட்டுவது சுத்தியல். ஆகவே, அது மெட்டையுஞ் சொல்லும், தாளமும் போடும். நமது ஹார்மோனியம் சுரத்தை நீட்டிப் பிடிக்கும். பியானோவில் அடித்த சுரம் அந்தக் கணமே தேயத் தொடங்கிவிடும். அதனால் அதை வாசிப்பவர் இடைவிடாது புதிதாக அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பொப் இசையில் இந்த வேலையைப் பெரும்பாலும் கித்தாரே செய்கிறது. இங்கு கித்தாரும் டிரம்ஸும் பியானோவுக்குப் பக்கவாத்தியங்கள். அம்மையார் பாட்டுக்காகப் பியானோ வாசிக்கிறார் என்று கொள்வதிலும், பியானோவிலிருந்தே பாட்டை எடுக்கிறார் என்று கொள்வது பொருத்தம். முதன்முறை கேட்போர், குரலைச் சற்று மறந்து, இடக்கை எங்கே செல்கிறது என்பதை மட்டும் தொடர்ந்து பாருங்கள்.

மூன்றாவது பாட்டு ‘இற்ஸ் டூ லேற்’. சொல் எழுதியவர் டோனி ஸ்டேர்ன் என்ற பெண்மணி. அன்பு தீர்ந்துபோன இருவரைப் பற்றிய பாட்டு. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. யாரும் யாரையுஞ் சபிக்கவில்லை. தீர்ந்துவிட்டது என்று ஒப்புக்கொள்வது மட்டுமே. பிரிவைப் பாடும் பொப் பாட்டுகளில் இத்தகைய நிதானம் அரிது. தொடக்கத்திற் கரகரப்பிரியாவின் சாயலில் இரண்டே சுரக்கூட்டுகள் மாறி மாறி வருகின்றன. பல்லவியிற் பாட்டு வேறோர் ஆதாரத்துக்கு நகரும்போது, மூடிய அறையிற் சாளரத்தைத் திறந்தாற் போன்ற வெளிச்சம் படுகிறது. அந்த வெளிச்சத்திலே சொல்லப்படுவது பிரிவு என்பதுதான் விசேஷம். இடையிற் கேட்டிஸ் ஏமி என்பவரின் சாக்சபோன் வருகிறது. அது அழவில்லை, பேசிவிட்டுப் போகிறது.

‘பியூட்டிஃபுல்’ என்ற பாட்டு, நியூயோர்க்கின் பாதாள ரயிலிற் சக பிரயாணிகளின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மனதில் உருவானது என்பர். ‘வே ஓவர் யோண்டர்’ கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டு முறையிலே அமைந்தது. இவ்விடத்தில் மட்டும் அம்மையாரின் குரல் சாகித்தியத்தின் உயரத்தை எட்டவில்லை என்பது என் கருத்து. கூடப் பாடும் மெரி கிளேய்டனின் குரலைக் கேட்டால் குறை புலப்படும். இரண்டாம் பக்கத்திலுள்ள ‘ஸ்மக்வோட்டர் ஜக்’ ஒரு முரடனின் கதை. தாளம் குதூகலமாக இருக்கிறது. மற்றப் பாட்டுகளின் வீட்டுக்குள்ளே அது எப்படிப் புகுந்தது என்பதுதான் விளங்கவில்லை.

இரண்டாம் பக்கத்தின் முதற் பாட்டு ‘யூ ஹவ் கொட் அ ஃபிரெண்ட்’. துன்பத்தில் அழைத்தால் வந்து நிற்கும் நட்பைப் பற்றியது. கர்நாடக சங்கீதத்திற் பழகிய செவிக்கு இதில் ஒரு விருந்து உண்டு. சரணம் மேற்கத்தியார் ‘மைனர்’ எனக் கூறும் அளவில், ஏறக்குறைய நமது நடபைரவியில், தொடங்குகிறது, தனிமையைச் சொல்கிறது. பல்லவி வந்ததும் ‘மேஜர்’ ஆகிறது, அதாவது சங்கராபரணம். இரண்டும் வேறு வேறு சுரங்களல்ல. அதே சுரங்கள், ஆதார சட்ஜத்தின் இடம் மட்டும் மாறியிருக்கிறது. நம்மவர் கிரகபேதம் என்று சொல்வது இதுவே. உலகம் மாறவில்லை, நிற்கும் இடம் மாறியது என்ற பொருளை, ஒரு சொல்லும் இன்றிச் சுரமே உணர்த்திவிடுகிறது. டிரம்ஸ் இல்லை, பியானோவும் கித்தாரும் வயலின் இனத்து வாத்தியங்களும் மட்டுமே. ஜேம்ஸ் டெயிலர் இதைத் தாமும் பாடிப் பதிவு செய்தார். அதே ஆண்டிலே விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றதும் அவருடைய பதிவே.

இனி, நான் அதிகம் பேச விரும்பும் பாட்டுக்கு வருகிறேன். ‘வில் யூ லவ் மீ டுமோறோ’ 1960இல் இயற்றப்பட்டது. அப்போது கரோல் கிங்குக்கு வயது 18, கையிலே கைக்குழந்தை. மெட்டை ஒலிநாடாவிற் பதிந்து வைத்துவிட்டு வெளியே போயிருந்தார். இரசாயனக் கூடமொன்றில் வேலை பார்த்துவிட்டு வந்த கணவர் அதைக் கேட்டுச் சொல் எழுதினார். இன்று அன்பு காட்டுகிறாய், நாளையும் இந்த அன்பு இருக்குமா என்று ஓர் இளம்பெண் கேட்கும் கேள்வியே பாட்டு. ‘ஷிரெல்ஸ்’ என்னும் கறுப்பினப் பெண்கள் குழுவுக்கு அது கொடுக்கப்பட்டது. மாதிரிப் பதிவைக் கேட்ட பிரதான பாடகி ஷேர்லி ஓவன்ஸுக்கு முதலிற் பாட்டுப் பிடிக்கவில்லை. நாட்டுப்புறத்து வெள்ளையர் பாட்டுப் போலிருக்கிறது என்று எண்ணினார். பின்னர் வயலின்கள் சேர்ந்தன, தாளம் விறுவிறுப்பாயிற்று. 1961இன் தொடக்கத்தில் தட்டு முதலிடத்தை எட்டியது. கறுப்பினப் பெண்கள் குழுவொன்று அமெரிக்கப் பட்டியலில் அவ்விடத்தைப் பிடித்தது அதுவே முதன்முறை.

அந்தப் பதிவு இரண்டே முக்கால் நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். ‘டப்பெஸ்ட்ரி’யில் அதே பாட்டு நான்கு நிமிஷத்துக்கு மேற் செல்கிறது. ஒரு சொல் கூட்டப்படவில்லை. வேகம் மட்டுமே தளர்ந்திருக்கிறது. ஆயினும், பொருள் முற்றாக மாறிவிட்டது. ஷேர்லி ஓவன்ஸ் பாடும்போது கேள்வி கேள்வியாகவே இருக்கிறது. விடை என்ன என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. பத்து ஆண்டுகளின் பின், அந்தச் சொற்களை எழுதிய கணவரை விட்டுப் பிரிந்து வந்த மெட்டாசிரியை பியானோவின் முன் தனியே அமர்ந்து அதையே கேட்கிறார். விடை அவருக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கிறார். ஒவ்வோர் அடியின் பின்னும் பியானோ சற்றுக் காத்திருந்து, பிறகே அடுத்த சுரக்கூட்டைத் தொடுகிறது. பின்னணியில் மெல்லச் சேர்ந்து பாடும் இரு குரல்கள் ஜோனி மிச்செலும் ஜேம்ஸ் டெயிலரும். இருவரும் பெரும் பாடகர்கள், ஆனால் அங்கு அண்டை வீட்டார் வந்து பக்கத்தில் அமர்ந்தாற் போல அடக்கமாக இருக்கிறார்கள்.

அம்மையாரின் குரலைப் பற்றி இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அது பயிற்சியால் மெருகேறிய குரலன்று. எல்லை குறுகியது, மேல் ஸ்தாயியிற் சற்றுக் கரகரக்கும். அழகாகப் பாட முயலாமை அதன் சிறப்பு. மாதிரிப் பதிவு செய்பவருக்குத் தம் குரலைக் காட்ட வேண்டிய அவசியமில்லை. பாட்டைக் காட்டினாற் போதும். ஆண்டுக்கணக்காகப் பிறருக்குப் பாடிக் காட்டிய பழக்கம், தமக்காகப் பாடியபோதும் அவரை விட்டு நீங்கவில்லை. நம் மரபிற் சொல்லும் பண்ணும் ஒருவரே ஆக்கினால் அவரை வாக்கேயகாரர் என்கிறோம். பன்னிரண்டிற் சொல், மெட்டு இரண்டையும் அவரே ஆக்கியவை ஏழு. கேட்போருக்கு மற்ற ஐந்தையும் அவற்றிலிருந்து பிரித்தறிவது எளிதன்று.

தட்டின் உறையும் இதற்கு இசைந்ததே. லோரல் கன்யன் என்ற மலைச்சரிவில் இருந்த அவரது வீட்டிற் படம் எடுத்தவர் ஜிம் மக்கிறேரி. சாளரத்தருகே வெறுங்காலுடன் அமர்ந்திருக்கிறார். கையில் அவரே தைத்த சித்திரச் சீலை. முன்னே ஒரு பூனை. பாடகியரை ஒப்பனை செய்து நிறுத்திப் படம் எடுத்த காலத்தில், இப்படியொரு உறையைக் கண்ட பெண்கள் பலர் தம் வீட்டையே அங்கு கண்டிருப்பார்கள். தொடர்ந்து 15 வாரங்கள் தட்டு முதலிடத்தில் நின்றது. 1972இல் நான்கு கிறமி விருதுகள் கிடைத்தன. விழாவுக்கு அவர் செல்லவில்லை. பிறந்து சில வாரங்களேயான குழந்தையுடன் வீட்டில் இருந்துவிட்டார்.

கடைசிப் பாட்டு ‘அ நச்சுரல் வுமன்’. இதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஜெரி வெக்ஸ்லர் என்ற தயாரிப்பாளர் நியூயோர்க் வீதியிற் காரை நிறுத்தி, இந்தத் தலைப்பில் ஒரு பாட்டு வேண்டும் என்று கரோல், ஜெரி தம்பதியரிடம் கேட்டார். அன்றிரவே பாட்டு உருவாயிற்று. 1967இல் அதைப் பாடியவர் அரீதா ஃபிராங்ளின். அவருடைய பதிவிற் பாட்டு ஒரு பெரு வெள்ளம். அதனைக் கேட்டபின் வேறொருவர் பாடத் துணிவாரா? கிங் அம்மையார் பாடினார். வெள்ளத்தோடு போட்டியிடவில்லை. டிரம்ஸை நீக்கினார். பியானோவும், அதன் அடியிற் கனத்த தந்தி வாத்தியமொன்றும், குரலும் மட்டும். அரீதா ஊருக்கே அறிவித்ததை இவர் தமக்குத் தாமே சொல்லிப் பார்க்கிறார். இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்; ஒன்று மற்றதை மறைப்பதில்லை.

2015 டிசம்பரில் வொஷிங்டன் நகரின் கென்னடி மையத்திற் கரோல் கிங்குக்குக் கௌரவமளிக்கும் விழா நடைபெற்றது. அரீதா ஃபிராங்ளின் மேடைக்கு வந்து, தாமே பியானோவின் முன் அமர்ந்து இந்தப் பாட்டைத் தொடங்கினார். மேல்மாடத்தில் இருந்த கிங் அம்மையார் தலையிற் கை வைத்துக்கொண்டு எழுந்தார். பின்னர் சொல்லுக்குச் சொல் கூடவே பாடத் தொடங்கிவிட்டார்.