யுத்தத்துக்கு எதிராக விடிய விடிய நடந்த வகுப்பு

ஜும்ஆவுக்குப் பின்னர் எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் முன்றலில் காஸாவுக்காக நடந்த ஆர்ப்பாட்டமொன்றில் எனது தரம் 11 மாணவர்கள் சிலரும் சுலோக அட்டைகளோடு நின்றார்கள். இருபது நிமிடம் இருக்கும். கோஷமிட்டார்கள், படம் எடுத்தார்கள், துஆவோடு கலைந்தார்கள். திங்கட்கிழமை வகுப்பில் அவர்களிடம் 1948இல் என்ன நடந்தது, 1967இல் என்ன நடந்தது என்று கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. கடைசி வாங்கில் இருந்த ஒரு பிள்ளை மட்டும், "நீங்க படிச்சித் தரல்லயே சேர்" என்றான். குறும்பாகச் சொல்லவில்லை, உண்மையாகவே சொன்னான்.

அந்தப் பதில் என்னை விடவில்லை. ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் 'டீச்-இன்' என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருந்தேன். அது என்னவென்று இப்போதுதான் ஒழுங்காகத் தேடி வாசித்தேன்.

1964 ஓகஸ்டில் வியட்நாமில் படைபலத்தைப் பயன்படுத்தும் அதிகாரத்தை அமெரிக்க காங்கிரஸ் ஜனாதிபதி ஜோன்சனுக்கு வழங்கியது. பிரதிநிதிகள் சபையில் 416 பேர் ஆதரவு. எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. செனட் சபையில் எதிர்த்தவர்கள் இருவர் மட்டுமே. அந்த வருடம் நவம்பரில் நடந்த தேர்தலில், யுத்தத்தைப் பெரிதாக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் பலர் ஜோன்சனுக்கு வாக்களித்தனர். ஆனால் 1965 மார்ச் 2ஆம் திகதி வட வியட்நாம் மீது தொடர்ச்சியான குண்டுவீச்சு ஆரம்பமானது. மார்ச் 8இல் 3,500 அமெரிக்க மரைன் படையினர் டா நாங் கரையில் இறங்கினார்கள்.

மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்றொரு பல்கலைக்கழக நகரம் உண்டு. அங்குள்ள விரிவுரையாளர்கள் சிலர் கொதித்துப்போய், மார்ச் 24ஆம் திகதி வகுப்புகளை நிறுத்திவிட்டு யுத்தத்தைப் பற்றிப் பேசுவோம் என்று அறிவித்தார்கள். ஒரே ஒரு நாள் பகிஷ்கரிப்புத்தான். உடனே எதிர்ப்புக் கிளம்பியது. மாநில ஆளுநர் ஜோர்ஜ் ரொம்னி கண்டித்தார், மாநில செனட் சபையும் கண்டித்தது. பொதுமக்களின் பேச்சும் வியட்நாமைப் பற்றியதாக இருக்கவில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு பாடம் நடத்தாமல் இருப்பது சரியா என்பதுதான் விவாதமாகியது. வேலைநிறுத்தம் செய்து பழகிய எங்கள் நாட்டு ஆசிரியர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கேட்ட கோரிக்கை மறைந்துவிடும், பிள்ளைகளின் படிப்பு வீணாகிறது என்ற கதை மட்டும் மிஞ்சும்.

அவர்கள் மீண்டும் கூடி இரவிரவாக வாதாடினார்கள். மானுடவியல் பேராசிரியர் மார்ஷல் சாலின்ஸ் ஒரு யோசனை சொன்னார். கடமையைத் தவறவிடுகிறோம் என்றுதானே குற்றம் சாட்டுகிறார்கள்? அப்படியானால் பாடத்தை நிறுத்தாமல், வழமையான வகுப்புகள் முடிந்த பின்னர் விடியும் வரை கூடுதலாகப் பாடம் நடத்துவோம் என்றார். கறுப்பின மாணவர்கள் 1960இல் வெள்ளையருக்கு மட்டுமான உணவகங்களில் உட்கார்ந்து நடத்திய போராட்டத்துக்கு 'சிட்-இன்' என்று பெயர். அதைப் பின்பற்றி இதற்கு 'டீச்-இன்' என்று பெயர் வைத்தார்கள். எல்லோரும் மகிழ்ச்சியோடு ஏற்கவில்லை. ஆளுநருக்குப் பயந்து பின்வாங்குகிறோம் என்று சிலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்திலும் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் பகிஷ்கரிப்புக்கு ஐம்பது பேரளவில்தான் கையொப்பமிட்டிருந்தார்கள். இரவு வகுப்புக்கோ 200க்கும் மேற்பட்ட விரிவுரையாளர்கள் பெயர் கொடுத்தார்கள். பல்கலைக்கழகமும் மண்டபங்களைத் தந்தது.

24ஆம் திகதி இரவு எட்டு மணிக்கு ஆரம்பித்தது. ஏற்பாட்டாளர்கள் சில நூறு பேரையே எதிர்பார்த்தார்கள். வந்தவர்கள் சுமார் 3,000 பேர். அக்காலத்தில் மாணவிகள் குறித்த நேரத்துக்குள் விடுதிக்குத் திரும்பிவிட வேண்டும். அன்றிரவு அந்தக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. வியட்நாமில் அமெரிக்க உதவித் திட்டத்தில் பணியாற்றித் திரும்பியிருந்த பொருளியலாளர் ரொபர்ட் பிரவுண் போன்று, அந்த நாட்டை நேரில் அறிந்தவர்கள் முதலில் பேசினார்கள். நடுவே, குண்டு வைத்திருப்பதாக மிரட்டல் வந்தது. மண்டபம் காலியானது. கூட்டம் வெளியே கடுங்குளிரில் நின்று பேச்சைத் தொடர்ந்தது. அரசாங்கத்தை ஆதரிக்கும் மாணவர்கள் சிலரும் அட்டைகளோடு வந்திருந்தார்கள். நள்ளிரவுக்குப் பின்னர் சிறு குழுக்களாகப் பிரிந்து வகுப்பறைகளில் அமர்ந்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான். பெரிய மண்டபத்தில் ஒருவர் பேச மற்றவர்கள் கைதட்டுவார்கள். சிறு வகுப்பறையில்தான் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்க முடியும். காலை எட்டு மணி வரை சில நூறு பேர் எஞ்சியிருந்தார்கள்.

இரண்டு நாட்களில் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அடுத்த டீச்-இன் நடந்தது. பின்னர் பல இடங்களுக்குப் பரவியது. மே 15ஆம் திகதி வொஷிங்டனில் நடந்த தேசிய விவாதத்தைத் தொலைபேசி இணைப்பு வழியாக நூற்றுக்கும் மேற்பட்ட கல்வி நிலையங்கள் கேட்டன. அரசாங்கத்தின் சார்பில் பேச ஒப்புக்கொண்டிருந்த பாதுகாப்பு ஆலோசகர் மக்ஜோர்ஜ் பண்டி கடைசி நேரத்தில் வரவில்லை. ஆனாலும் ஜூன் 21ஆம் திகதி தொலைக்காட்சியில் பேராசிரியர் ஹான்ஸ் மோர்கெந்தோவுடன் அவர் விவாதிக்க வேண்டியதாயிற்று. வெள்ளை மாளிகையை விளக்கம் சொல்ல வைத்தது சாதாரண விடயமல்ல.

யுத்தம் நின்றதா? இல்லை. 1968இல் ஐந்து இலட்சத்துக்கும் அதிகமான அமெரிக்கப் படையினர் வியட்நாமில் இருந்தார்கள். 1975 ஏப்ரல் 30ஆம் திகதிதான் எல்லாம் முடிந்தது. ஆனால் கலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில், படை அனுப்பியது தவறு என்று சொன்னவர்கள் 1965 ஓகஸ்டில் 24 வீதம். 1968 ஓகஸ்டில் 53 வீதம். இது முழுவதும் டீச்-இன்னால் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஊருக்குத் திரும்பிய சவப்பெட்டிகளுக்கும் தொலைக்காட்சிக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. ஆயினும் அந்த மாற்றத்துக்குச் சொற்களையும் தகவல்களையும் கொடுத்தவர்களில் அந்த விரிவுரையாளர்களும் இருந்தார்கள்.

அந்த முதல் இரவில் ஒரு குறையும் இருந்தது. மேடையில் பேசியவர்கள் யுத்தத்தை எதிர்த்தவர்கள் மட்டுமே. எதிர்த்தரப்பின் வாதத்தைக் கேட்காதவன் அதற்குப் பதில் சொல்லவும் பழகமாட்டான். பின்னர் நடந்த பலவற்றில் இரு தரப்பையும் அழைத்தார்கள்.

பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 முதல் இருந்துவரும் நாட்டில் சுலோக அட்டையோடு வீதியில் நிற்பதற்கும் துணிவு வேண்டும். எனது மாணவர்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவர்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். பாடம் நடத்த வேண்டியவன் நான்.

சக ஆசிரியர்கள் நால்வரிடம் பேசியிருக்கிறேன். இஷாவுக்குப் பின்னர் பொது நூலக மண்டபத்தில், வரைபடம் ஒன்றோடு, 1917ஆம் ஆண்டு பல்ஃபர் பிரகடனத்திலிருந்து ஆரம்பிப்பதாக உத்தேசம். பெண் பிள்ளைகள் வீடு திரும்புவதற்கான ஏற்பாடு பற்றிப் பெற்றோர் கேட்டிருக்கிறார்கள், அது நியாயமான கேள்வி. எங்கள் அதிபர் விடயத்தை எழுத்தில் கேட்டிருக்கிறார். கடைசி வாங்குப் பிள்ளையிடமும் சொன்னேன். "விடியும் வரைக்கும் வேணாம் சேர், அடுத்த நாள் டியூஷன் இருக்கு" என்கிறான். பதினொரு மணி வரை என்று பேசி முடித்திருக்கிறோம்.