தேதி இல்லாத இலை

சில ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்பு மாணவர்கள் ஒட்டிக் கொண்டுவந்த இலைத் தொகுப்புகளுக்கு மதிப்பெண் வழங்கிவிட்டு, ஆண்டு முடிவில் பழைய தாள்களோடு போட்டுவிட்டேன். தூத்துக்குடிக் கடற்கரையின் அடம்பு, உமரி, இராவணன் மீசை எல்லாம் அவற்றில் இருந்தன. எங்கே, எப்போது பறித்தது என்ற குறிப்பு மட்டும் ஒன்றிலும் இல்லை. எழுதச் சொல்லாதது என் தவறு.

குறிப்பு இல்லாத உலர்ந்த செடி வெறும் சருகு. குறிப்பு இருந்தால் அது சான்று. உலர்தாவரத் தொகுப்பின் (ஹெர்பேரியம்) அடிப்படை இதுவே. சென்னையில் தொடங்கி 1909இல் கோவைக்கு மாற்றப்பட்ட மெட்ராஸ் ஹெர்பேரியம் இன்று இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் பொறுப்பில் உள்ளது. அங்குள்ள பழைய தாள்கள், ஒரு செடி எந்த ஊரில், எந்த மாதத்தில் பூத்தது என்பதை இன்றும் சொல்கின்றன. ஆண்டிஸ் மலை உச்சியின் பெரணிக்குச் சேகரிப்பாளர் உயரத்தைக் குறிப்பார். நம் கரைச் செடிக்கு அலை எட்டும் கோட்டிலிருந்து எத்தனை அடி தூரம் என்று குறிக்கலாம்.

இது நமக்கு ஏன் முக்கியம்? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள விலாங்குச்சல்லி கடலில் மூழ்கிவிட்டது. நிலம் போனபின் அதில் வளர்ந்தவற்றுக்குப் பதிவுகளே சாட்சி.

வகுப்பில் செய்யும் முறை:

1. பூவோ காயோ உள்ள சிறு கிளையைச் செய்தித்தாள்களுக்கு இடையே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்குங்கள். தாளைத் தினமும் மாற்றுங்கள். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும்.
2. உமரி போன்ற நீர் நிறைந்த செடி எளிதில் உலராது. அதைச் சில விநாடிகள் கொதிநீரில் நனைத்தபின் அழுத்தலாம். இதை ஆசிரியரே செய்ய வேண்டும்.
3. உலர்ந்ததைக் கெட்டித்தாளில் ஒட்டி, வலது கீழ் மூலையில் ஊர்ப்பெயர், தாவரவியல் பெயர், இடம், தேதி, மண், சேகரித்தவர் பெயர் ஆகியவற்றை எழுதச் செய்யுங்கள்.
4. பூவின் நிறத்தைப் பறித்த அன்றே குறிக்க வேண்டும். அடம்பின் இளஞ்சிவப்பு ஊதா, உலர்ந்தால் பழுப்பாகிவிடும்.

தீவுகள் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அங்கே எதையும் பறிக்கக் கூடாது. கரையில் மிகுதியாக வளர்பவற்றில் ஒரு கிளை போதும், வேரோடு பிடுங்க வேண்டாம்.

இப்போது எங்கள் தாள்கள் அறிவியல் அலமாரியில் இருக்கின்றன. அடுத்த ஆண்டு மாணவர்கள் அதே இடத்துக்குப் போய், அதே செடி இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.