தைராய்டுக் குறைசுரப்பு: அறிகுறிகளும் ஆய்வக முடிவுகளும்

ஆய்வுச் சுருக்கம்

தைராய்டுக் குறைசுரப்பைக் கண்டறிவதில் டி.எஸ்.எச். அளவே முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. எனினும் அதனைத் தனித்து வாசிப்பது இருவகைப் பிழைகளுக்கு இடமளிக்கிறது. மருந்து தேவைப்படாதோர் நெடுங்காலம் மருந்துண்பது ஒன்று. நோயுடையோர் நலமுடையோராகக் கருதப்படுவது மற்றொன்று. இப்பிழைகள் நேரும் வழிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தைராக்சின், டி.எஸ்.எச்., குறைசுரப்பு, மறைநிலைக் குறைசுரப்பு, பயோட்டின்

முன்னுரை

கழுத்தின் முன்புறத்தில் அமைந்த தைராய்டு சுரப்பி, அயோடினைக் கொண்டு தைராக்சின் (டி4) முதலான இயக்குநீர்களை உண்டாக்குகிறது. உடலின் வளர்சிதைமாற்ற வேகம் இவற்றைச் சார்ந்தது. மூளையின் அடிப்புறத்திலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, டி.எஸ்.எச். என்னும் தைராய்டு ஊக்கி இயக்குநீரைச் சுரந்து தைராய்டைத் தூண்டுகிறது. டி4 குறைந்தால் டி.எஸ்.எச். உயரும், டி4 மிகுந்தால் அது தாழும். டி4இன் சிறு குறைவுக்கும் டி.எஸ்.எச். பன்மடங்கு உயர்வதால், தைராய்டின் தளர்ச்சியை முதலில் காட்டுவது அதுவே.

அறிகுறிகளின் இயல்பு

சோர்வு, குளிர் தாங்காமை, எடை கூடுதல், மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி உதிர்தல், குரல் கரகரப்பு, மிகுதியான மாதவிலக்கு, நாடித்துடிப்புக் குறைதல் ஆகியன குறைசுரப்பின் அறிகுறிகள். இவற்றுள் எதுவும் இந்நோய்க்கே உரியதன்று. குருதிச்சோகை, மனச்சோர்வு, உறக்கக்குறைவு ஆகியவற்றிலும் இவற்றுட் சில தோன்றும். ஆகவே அறிகுறிகள் ஐயத்தை எழுப்புமேயன்றி நோயை உறுதிசெய்யா.

முடிவுகளின் மூவகை

வளர்ந்தோருக்கான டி.எஸ்.எச். இயல்பெல்லை, பெரும்பாலும் லிட்டருக்கு 0.4 முதல் 4.0 மில்லி பன்னாட்டு அலகுகள் எனக் கொள்ளப்படுகிறது. ஆய்வகத்துக்கு ஆய்வகம் இது சிறிது மாறுபடும். முதுமையில் இயல்பாகவே சற்று உயரும்.

அ) டி.எஸ்.எச். உயர்ந்து, கட்டற்ற டி4 குறைந்திருப்பின் அது வெளிப்படையான குறைசுரப்பு. அயோடின் போதிய அளவு கிடைக்கும் இடங்களில் இதற்குப் பெருங்காரணம், 1912இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ விவரித்த தன்னெதிர்ப்பு அழற்சியாகும். இந்நிலைக்குத் தைராக்சின் இன்றியமையாதது.

ஆ) டி.எஸ்.எச். உயர்ந்து, டி4 இயல்பாக இருப்பின் அது மறைநிலைக் குறைசுரப்பு. பெரும்பிணியிலிருந்து தேறும்போதும் டி.எஸ்.எச். தற்காலிகமாக உயரக்கூடும் என்பதால், இரண்டு மூன்று மாதங்களுக்குப் பின் மறுசோதனை தேவை. அளவு 10ஐக் கடந்து நிலைத்தால் பொதுவாக மருந்து பரிந்துரைக்கப்படும். அதற்குக் கீழாயின், குறிப்பாக முதியோரிடம், பயன் ஐயத்திற்குரியது. 65 வயதும் அதற்கு மேலும் உடைய 737 பேரிடம் ஐரோப்பாவில் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், தைராக்சின் உண்டோருக்கும் போலி மாத்திரை உண்டோருக்கும் இடையே ஓராண்டு முடிவில் அறிகுறிகளில் வேறுபாடு காணப்படவில்லை. மாறாக, தேவைக்கு மிஞ்சிய தைராக்சின் இதயத்துடிப்பைச் சீர்குலைக்கும். எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும். கருவுற்றோருக்கு இவ்வளவுகோல் பொருந்தாது. அவர்களுக்குக் குறைந்த உயர்விலேயே மருந்து கருதப்படும்.

இ) டி4 குறைந்தும் டி.எஸ்.எச். உயராதிருப்பின், பழுது பிட்யூட்டரியிலோ அதனை ஆளும் ஹைப்போதலாமசிலோ இருக்கலாம். மகப்பேற்றின்போது மிகுந்த குருதி இழந்த பெண்களுக்குப் பிட்யூட்டரி சிதைவுற்று இந்நிலை நேர்வதுண்டு. டி.எஸ்.எச். மட்டும் சோதிக்கப்படின் இவர்களது நோய் புலப்படாது.

முடிவைத் திரிப்பன

முடி வளர்ச்சிக்கென மிகுந்த அளவில் உண்ணப்படும் பயோட்டின், சில சோதனை முறைகளில் டி.எஸ்.எச். அளவைப் பொய்யாகக் குறைத்தும் டி4 அளவைப் பொய்யாக உயர்த்தியும் காட்டும். இதனால் முடி உதிர்வுக்குக் காரணமான குறைசுரப்பே அம்மாத்திரையால் மறைக்கப்படலாம். சோதனைக்கு இரண்டு நாள்களேனும் முன்னதாக அதனை நிறுத்துதல் வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகள் தைராக்சின் உறிஞ்சப்படுவதைத் தடுப்பதால் நான்கு மணிநேர இடைவெளி தேவை. டி4இன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 7 நாள்கள். எனவே மருந்தளவை மாற்றிய 6 முதல் 8 வாரங்களுக்குப் பின்னரே மறுசோதனை பொருளுடையதாகும்.

முடிவுரை

டி.எஸ்.எச். என்பது தைராய்டின் அளவன்று. தைராய்டைப் பற்றிப் பிட்யூட்டரி தரும் மறுமொழி. மறுமொழி தருவதே பழுதுறின் அவ்வெண் பொருளிழக்கும். எனவே டி.எஸ்.எச்., கட்டற்ற டி4, அறிகுறிகள், வயது, கருவுற்ற நிலை, உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகிய அனைத்தையும் இணைத்து நோக்கிய பின்னரே மருந்தைத் தொடங்குவதும் தவிர்ப்பதும் முறையாகும்.