அழுகிய கத்தரிக்காயில் ஒரு மருந்து: கல்லூரி மாணவர்கள் கண்டுபிடித்தவை தெரியுமா?

கொரோனா காலத்தில் மூக்குக்குள் குச்சி விட்டு ஆர்டி-பிசிஆர் பரிசோதனை எடுத்தார்களே, அதற்கு அடித்தளம் போட்ட பாக்டீரியாவைப் பிரித்து வளர்த்தவர் பட்டப்படிப்பைக்கூட முடிக்காத ஒரு கல்லூரி மாணவர் என்று தெரியுமா?

ஆண்டு 1966. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவில் ஆவி பறக்கும் வெந்நீர் ஊற்றுகளில் உயிர் தேடிக்கொண்டிருந்தார் இந்தியானா பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் பிராக். அவரிடம் ஆய்வு பழக வந்த இளங்கலை மாணவர் ஹட்சன் ஃபிரீஸ், மஷ்ரூம் ஸ்பிரிங் என்ற ஊற்றின் மாதிரியிலிருந்து ஒரு பாக்டீரியாவை வளர்த்தெடுத்தார். அது 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் செழித்து வளர்ந்தது! பெயர் தெர்மஸ் அக்குவாட்டிகஸ். 1983இல் கேரி முல்லிஸ் டிஎன்ஏவை லட்சக்கணக்கில் நகலெடுக்க பிசிஆர் என்ற வழியைக் கண்டார். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் கலவையை ஏறக்குறைய 95 டிகிரி வரை சூடாக்க வேண்டும். சாதாரண நொதி அந்தச் சூட்டில் கெட்டுவிடும், சுற்றுக்குச் சுற்று புதிதாக ஊற்ற வேண்டும். வெந்நீர் ஊற்று பாக்டீரியாவின் நொதியோ அசையவில்லை! அதைப் போட்ட பிறகுதான் பிசிஆர் உலகமெங்கும் பரவியது. முல்லிஸுக்கு 1993இல் நோபல் பரிசு கிடைத்தது.

செய்முறை வகுப்பு என்றால் ஏற்கெனவே விடை தெரிந்ததைத் திரும்பச் செய்து, ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து, கையெழுத்து வாங்குவது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் அந்தச் செய்முறை மேசைகளிலிருந்து உயிரியலின் எத்தனை பெரிய கதவுகள் திறந்திருக்கின்றன!

மரபணுக்களுக்கு முதன்முதலில் வரைபடம் போட்டவர் யார் தெரியுமா? கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இளங்கலை மாணவர் ஆல்ஃபிரட் ஸ்டர்டிவான்ட். 1911இல், ஒரே இரவில், அதுவும் கல்லூரி வீட்டுப்பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு!

நியூயார்க்கில் தாமஸ் ஹன்ட் மார்கன் நடத்திய அந்த ஆய்வகத்துக்கு 'ஈ அறை' என்றே பெயர். 16 அடிக்கு 23 அடி இருந்த அறைக்குள் எட்டு மேசைகளை நெருக்கிப் போட்டிருந்தார்கள். பால் பாட்டில்களில் பழ ஈக்கள், அவற்றுக்குத் தீனியாக வாழைப்பழம். (நம் ஊர் ஆய்வகங்களில் ரவையும் வெல்லமும் அகரும் போட்டுக் காய்ச்சிய கூழில் இதே ஈயை வளர்க்கிறார்கள்.) அங்கே பாட்டில் கழுவும் வேலைக்கு வந்தவர் கால்வின் பிரிட்ஜஸ் என்ற மற்றோர் இளங்கலை மாணவர். கழுவ எடுத்த பாட்டிலின் தடித்த கண்ணாடி வழியாகவே, உள்ளே ஓர் ஈயின் கண் மட்டும் வேறு சிவப்பாக இருப்பதைக் கண்டுவிட்டார்! ஸ்டர்டிவான்ட்டோ சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத நிறக்குருடர். ஈக்களின் கண் நிறமே பேச்சாக இருந்த அறையில் அவர் வேறொன்றைக் கண்டார்.

ஒரு கரும்பை எங்காவது ஓரிடத்தில் வெட்டினால், அடுத்தடுத்த கணுக்கள் பிரிய வாய்ப்பு குறைவு. அடிக்கணுவும் நுனிக்கணுவும் பிரிவது ஏறக்குறைய நிச்சயம். குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்ளும்போதும் அதுவே நடக்கிறது. அப்படியென்றால், இரண்டு பண்புகள் குட்டி ஈக்களில் எத்தனை முறை பிரிந்து போகின்றன என்று எண்ணினாலே மரபணுக்களுக்கு இடையிலான தூரம் கிடைத்துவிடுமே! பழைய கணக்குகளை அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனார். இரவெல்லாம் கணக்குப் போட்டு எக்ஸ் குரோமோசோமின் வரைபடத்தை வரைந்துவிட்டார். டிஎன்ஏவின் வடிவம் தெரியவர இன்னும் 40 ஆண்டுகளுக்கு மேல் இருந்தன! மரபணுவை யாரும் கண்ணால் பார்த்ததில்லை! 1913இல் அந்த வரைபடம் அச்சேறியது. 1933இல் மார்கனுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, அந்தப் பணத்தைத் தன் பிள்ளைகளோடு இந்த இரண்டு மாணவர்களின் பிள்ளைகளுக்கும் பகிர்ந்து கொடுத்தார். இதை நினைக்கும்போதெல்லாம் அந்த ஆசிரியரை வணங்கத் தோன்றுகிறது.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் நன்றி சொல்ல வேண்டிய மாணவர்கள் இருவர். கணையத்துக்குள் தீவுத் தீவாகக் கிடக்கும் செல் திட்டுகளை 1869இல் முதலில் விவரித்தவர் பெர்லின் மருத்துவ மாணவர் பால் லாங்கர்ஹான்ஸ், வயது 21. அதற்கு முந்தைய ஆண்டே தோலில் ஒரு புதுவகைச் செல்லையும் கண்டிருந்தார்! இன்சுலின் அந்தத் திட்டுகளிலிருந்துதான் சுரக்கிறது. 1921இல் டொராண்டோவில் மருத்துவர் பான்டிங் இன்சுலினைப் பிரித்தெடுத்தபோது உடனிருந்த சார்லஸ் பெஸ்ட், பட்டப்படிப்பை அப்போதுதான் முடித்திருந்த 22 வயது இளைஞர்.

லண்டனில் 1835இல் ஜேம்ஸ் பாஜெட் என்ற முதலாண்டு மாணவர், அறுவைக் கத்தியை மழுங்கடிக்கும் வெள்ளைப் புள்ளிகள் பிணத்தின் தசையில் இருப்பதைப் பார்த்தார். மற்றவர்களும் பார்த்ததுதான். ஆனால் இவர்தான் மைக்ராஸ்கோப் தேடி பிரிட்டிஷ் மியூசியத்துக்கே ஓடினார். ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சுருண்டு கிடந்தது ஒரு புழு! டிரைக்கினெல்லா என்ற ஒட்டுண்ணி வெளிப்பட்டது அப்படித்தான்.

நம் செய்முறை மேசையிலும் வியப்புக்குக் குறைவில்லை. சாக்கடை ஓரத்தில் நெளியும் கைரோனோமஸ் புழு ஏன் சிவப்பு தெரியுமா? அதன் உடம்பிலும் ஹீமோகுளோபின்! அதன் உமிழ்நீர்ச் சுரப்பியைப் பிரித்துச் சாயமிட்டு, கவர் ஸ்லிப்பை வைத்து விரலால் அழுத்தினால் சாதாரண மைக்ராஸ்கோப்பிலேயே பட்டை பட்டையாக ராட்சதக் குரோமோசோம்கள் தெரியும். பி.எஸ்சி. விலங்கியல் படித்தவர்கள் அந்த நொடியை மறந்திருக்க மாட்டார்கள்.

களத்துக்கு வருவோம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இளங்கலை மாணவர்களை ஈக்வடார் மழைக்காட்டுக்கு அழைத்துப்போய், செடிகளின் தண்டுக்குள் வாழும் பூஞ்சைகளைச் சேகரிக்க வைத்தது. ஊர் திரும்பி ஆய்வகத்தில் சோதித்தால், பாலியூரித்தேன் பிளாஸ்டிக்கையே தின்று வளரும் பூஞ்சை ஒன்று அகப்பட்டது! காற்றில்லாத இடத்திலும் தின்றது! 2011இல் கட்டுரை வெளிவந்தபோது ஆசிரியர் பட்டியலில் மாணவர்களின் பெயர்களும் இருந்தன.

நம் சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர்கள் இரவில் மணலில் நடந்து பங்குனி ஆமையின் முட்டைகளைக் காக்கிறார்கள் என்பது தெரியுமா? முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு முடிவு செய்கிறது! 29 டிகிரியை ஒட்டிய சூட்டில் இரண்டும் கலந்து பிறக்கும், அதைவிடச் சூடு ஏறினால் பெண் குஞ்சுகள் பெருகும். பொரிப்பகத்துக்கு எவ்வளவு நிழல் வேண்டும் என்பது அதனால்தான் பெரிய கேள்வி.

இனி கத்தரிக்காய்க்கு வருவோம். கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும்? இந்தக் கத்தரிக்காய் அழுகி, மருத்துவமனைக்கே வந்தது! பாக்டீரியாக்களைத் தாக்கும் வைரஸ்களை ஃபேஜ் என்பார்கள். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கிரகாம் ஹாட்ஃபுல், அவற்றைத் தேடும் வேலையை மாணவர்களிடமே கொடுத்தார். ஒரு பிடி மண்ணை எடு, கரைத்து வடிகட்டு, காசநோய்க் கிருமியின் சாதுவான உறவுக் கிருமி ஒன்றோடு கலந்து தட்டில் ஊற்று. பாக்டீரியாப் படலத்தில் தெளிந்த ஓட்டைகள் விழுந்தால் ஃபேஜ் கிடைத்துவிட்டது. பெயர் வைக்கும் உரிமையும் உனக்கே! 2008இல் ஹோவர்டு ஹியூஸ் மருத்துவ நிறுவனம் இதை முதலாண்டு மாணவர்களுக்கான பாடத்திட்டமாகவே ஆக்கியது. இன்று நூற்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் நடக்கிறது.

2010இல், தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் தென்னாப்பிரிக்க நகரமான டர்பனில், இதே முறையில் தேடிய ஓர் இளங்கலை மாணவி அழுகிய கத்தரிக்காயின் அடியில் சுரண்டி எடுத்த ஃபேஜுக்கு 'மட்டி' என்று பெயர். எட்டு ஆண்டுகள் கழித்து லண்டனில், நுரையீரல் மாற்று அறுவை முடிந்த பதின்வயதுப் பெண் ஒருத்திக்கு எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் அடங்காத, காசநோய்க் கிருமிக்கு உறவான மைக்கோபாக்டீரியத் தொற்று. ஹாட்ஃபுல் தன் சேகரிப்பில் தேடிப் பார்த்ததில் தேறியவை மூன்றே மூன்று. மற்ற இரண்டையும் மரபணு மட்டத்தில் திருத்த வேண்டியிருந்தது. மட்டி மட்டும் கத்தரிக்காயில் கிடைத்தபடியே கிருமியைக் கொன்றது! தொற்று அடியோடு ஒழியவில்லை, ஆனாலும் புண்கள் ஆறின, அந்தப் பெண் வீடு திரும்பினாள். இந்த வகைக் கிருமியிடம் மனித உடம்புக்குள் மரபணு திருத்திய ஃபேஜ்கள் முதன்முதலாக மோதியது அப்போதுதான்.

2022இல் ஹாட்ஃபுல் குழு வெளியிட்ட அறிக்கையில் ஃபேஜ் சிகிச்சை பெற்ற 20 நோயாளிகளின் விவரம் இருக்கிறது. 11 பேருக்குப் பலன் தெரிந்தது, அதுவும் மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு!